இரண்டு கார்டுக்கு எத்தனை வொட்?

கம்பியூட்டர் வாங்கக் கொட்டேஷன் எடுத்து வருகிறவர்கள் புரோசஸர், ரெம், கிரபிக்ஸ் கார்ட் ஆகியவற்றின் பெயரையும் இலக்கத்தையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். பவர் சப்ளை என்ற இடத்தில் மட்டும் "1000 வொட்" என்று ஒரு சொல்லோடு நின்றிருக்கும். எந்தக் கம்பனி, எந்த மொடல், எத்தனை வருட வொரண்டி, எதுவும் இராது. விலையைக் குறைத்துக் காட்ட விரும்பும் கடைக்காரர் கை வைப்பது அந்த வரியில்தான். உதிரிப்பாகம் விற்கிறவன் என்ற முறையில் இதைத் தயங்காமல் சொல்கிறேன்.

கல்யாண வீடியோ, கட்டட வரைபடம், விளம்பர அனிமேஷன் போன்ற தொழில் செய்யும் நம்மவர்கள் ஒரே மெஷினில் இரண்டு கார்ட் போடக் கேட்கிறார்கள். இரண்டாவது கார்ட் உங்கள் வேலைக்கு உதவுமா என்று முதலில் பாருங்கள். கேமுக்கு அது இனி வீண் செலவு. அதற்கான புதிய ஏற்பாடுகளை என்விடியா கம்பனி 2021 முதல் நிறுத்திவிட்டது. பிளெண்டரில் ரென்டர் செய்கிறவருக்கு இரண்டும் பயன்படும். டாவின்சி ரிசோல்வ் பாவிப்பவர், விண்டோஸில் இலவசப் பதிப்பு ஒரு கார்டையே எடுத்துக்கொள்ளும், காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்புத்தான் இரண்டையும் எடுக்கும் என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

இனிக் கணக்கு. ஆர்.டீ.எக்ஸ். 3090 கார்ட் ஒன்றுக்கு என்விடியா சொல்வது 750 வொட் பவர் சப்ளை. இரண்டு கார்டென்றால் 1500 என்று பெருக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது பிழை. அந்த 750க்குள் புரோசஸர் முதல் மின்விசிறி வரை எல்லாம் அடங்கிவிட்டன. கார்ட் தனியே இழுப்பது 350 வொட். ஆகவே இரண்டுக்கும் 700. ரைசன் 9 5950எக்ஸ் போன்ற புரோசஸர் முழு வேலையில் 142. போர்ட், ரெம், டிஸ்க், மின்விசிறிகளுக்கு ஒரு 80. மொத்தம் 922.

அப்படியானால் 1000 போதுமே என்பீர்கள். போதாது. இந்தக் கார்டுகள் கண்மூடித் திறப்பதற்கும் குறைவான நேரத்துக்கு, எழுதப்பட்ட அளவை வெகுவாகத் தாண்டி இழுக்கும் குணமுள்ளவை. இரண்டும் ஒரே கணத்தில் இழுத்தால் பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள மெஷினை நிறுத்திவிடும். நான் 1200க்குக் கீழே கொடுப்பதில்லை. 2022இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 தரம் இத்தகைய திடீர் இழுவையைத் தாங்கும்படி வகுக்கப்பட்டது. புதிதாக வாங்குகிறவர் அந்தத் தரத்தையோ அதற்குப் பிந்தியதையோ கேட்டு வாங்கலாம். ஆர்.டீ.எக்ஸ். 3060 இரண்டு என்றால் கார்டுக்கு 170தான். நல்ல 750 தாராளம்.

கல்யாண வீடியோ செய்யும் தம்பி ஒருவர் 850 வொட் மெஷினில் இரண்டாவது 3090ஐப் போட்டார். ரென்டர் தொடங்கிச் சில நிமிடத்தில் மெஷின் அணைந்துவிடும். கார்ட் போட்ட கடையில் விண்டோஸைப் புதிதாகப் போட்டார்கள், பிறகு ரெமை மாற்றினார்கள். மூன்று கல்யாணக்காரர் வீட்டிலிருந்து கோல் வந்துகொண்டிருந்தது. "நானா, கார்டை வித்துப் போடவா?" என்று என்னிடம் வந்தார். ஒரு கார்டைக் கழற்றி இரவு முழுக்க ஓடவிட்டோம், அணையவில்லை. பிறகு இரண்டையும் பூட்டி, ஒவ்வொன்றுக்கும் 250 வொட் என்று மென்பொருளில் எல்லை வைத்தோம். கணக்கு 722க்கு இறங்கியது, மெஷின் நின்றது. வேகம் கொஞ்சம்தான் குறைந்தது. மூன்று வேலையையும் முடித்துக் கொடுத்த பிறகே 1200 வாங்கினார்.

பெட்டியில் எழுதிய வொட்டை நம்பாமல் பக்கத்து ஸ்டிக்கரைப் படியுங்கள். கார்டும் புரோசஸரும் இழுப்பது 12 வோல்ட் பக்கத்தில். அங்கே 83 அம்பியர் என்றிருந்தால் 12ஆல் பெருக்க 996, அது உண்மையான 1000. வெறும் 50 என்றிருந்தால் 600தான், வெளியே என்ன எழுதியிருந்தாலும்.

வயரிலும் கவனம் வேண்டும். 3090 கார்டுகள் பலவற்றில் 8 பின் சொக்கட் இரண்டு அல்லது மூன்று இருக்கும். ஒரே வயரில் இரண்டு தலை தொங்கினால் இரண்டையும் ஒரு கார்டில் மாட்டாமல், ஒவ்வொரு சொக்கட்டுக்கும் தனி வயர் இழுங்கள். வேறு கம்பனி பவர் சப்ளையின் வயர் பொருந்துகிறதே என்று மாட்டவே வேண்டாம். உள்ளே பின் வரிசை மாறியிருக்கும், டிஸ்க் எரிந்துபோகும்.

80 பிளஸ் கோல்ட் என்ற முத்திரை பலத்தைக் காட்டுவதில்லை, சிக்கனத்தையே காட்டுகிறது. 922 வொட் கொடுக்க, 90 சதவீதத் திறனுள்ளது சுவரிலிருந்து சுமார் 1025 இழுக்கும். 80 சதவீதத்தில் 1150க்கு மேல். நாளுக்கு 8 மணி, மாதம் 25 நாள் ஓடினால் வித்தியாசம் 25 யூனிட். கரண்ட் பில் கட்டுகிறவருக்கு விளங்கும்.

2022 செப்டெம்பரில் எதீரியம் நாணயம் கார்டில் தோண்டும் முறையைக் கைவிட்டதும், உலகெங்கும் இரவு பகலாக ஓடிய கார்டும் பவர் சப்ளையும் பாவித்த சாமான் சந்தைக்கு வந்தன. பாவித்த கார்டைப் பரீட்சித்து வாங்கலாம். பாவித்த பவர் சப்ளை வேண்டாம், அது கெட்டால் மற்றதையும் கூட்டிக்கொண்டு போகும்.

யூ.பி.எஸ். விஷயத்திலும் இதே கணக்குத்தான். நமது கடைகளில் மேசைக்கடியில் இருக்கும் 650 வீ.ஏ. சாதனம் கொடுப்பது 350 வொட் அளவே. இரண்டு கார்ட் மெஷினை அதில் மாட்டினால் கரண்ட் போன அதே நொடியில் இரண்டும் சேர்ந்து அணையும். வாங்கும்போது வீ.ஏ. இலக்கத்தை விட்டுவிட்டு வொட் எவ்வளவு என்று கேளுங்கள்.