லிஸ்ப் தொகுப்பியின் கட்டளை விரிப்பில் எண் அடிமான முரண்

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தின் அண்டை ஊர்களான இராசபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகியவற்றின் அஞ்சல் குறியீட்டு எண்கள் முறையே 626117, 626125 என்பனவாம். இவற்றைப் பதின்ம எண்களாகக் கொள்ளின் வேறுபாடு 8. பதினாறு அடிமான எண்களாகக் கொள்ளின் 14. இலக்கங்கள் மாறவில்லை; மதிப்பு மாறிற்று. ஆகவே, அடிமானம் அறியப்படாத இலக்கத்தொடர் ஒரு மதிப்பை உறுதியாகச் சுட்டுவதில்லை. இக்குறை லிஸ்ப் நிரல்மொழியின் கருவியொன்றில் வெளிப்படுமாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

விரிப்பில் காணும் வழக்குகள்

ஸ்டீல் பேங்க் காமன் லிஸ்ப் என்னும் தொகுப்பி, நிரலை எந்திரக் குறியாக மாற்றுகிறது. அக்குறியைப் படிக்கத்தக்க கட்டளைகளாக விரித்துக் காட்டும் கருவி டிஸ்அசெம்பிளர் எனப்படும். அதன் வெளியீட்டில் மூன்று வழக்குகள் கலந்து வருகின்றன. தொடக்க முகவரி, அடிமானக் குறியுடன் பதினாறு அடிமானத்தில் அமைகிறது. வரிதோறும் வரும் முகவரி எச்சங்களும் பைட்டுகளும் அதே அடிமானத்தில், ஆனால் குறியின்றி அமைகின்றன. நிரலின் அளவும் கட்டளைகளின் சிறு மதிப்புகளும் குறியின்றிப் பதின்மத்தில் வருகின்றன. சான்றாக, உள்ளீடுகளின் எண்ணிக்கை தவறாயின் நிரலை நிறுத்தும் கட்டளையில், பைட்டு 10 என்றும், அதன் மதிப்பு அதே வரியில் 16 என்றும் அச்சாகின்றன. இரண்டும் ஒன்றே.

பிழை நேரும் இடம்

ஒரு நிரற்பகுதியின் முகவரி 40 என முடிகிறது. அளவு 22 பைட்டு எனக் கொள்வோம். இரண்டையும் அப்படியே கூட்டுபவர் அதன் எல்லையை 62 என்பார். முகவரி பதினாறு அடிமானம், அளவு பதின்மம் ஆதலின் சரியான எல்லை 56 ஆகும். பதினாறு அடிமானத்தில் 62க்கும் 56க்கும் இடையே 12 பைட்டுகள் உள்ளன. பிழை தேடுபவர் தொடர்பற்ற கட்டளையை ஆராய இவ்விடைவெளி போதும். பதினாறு அடிமான எண்ணில் எழுத்து இடம்பெறின் ஐயம் எழாது. இலக்கங்கள் மட்டுமே வரும்போதுதான் மயக்கம் நேர்கிறது.

முடிவுரை

1994ஆம் ஆண்டின் அமெரிக்கத் தரப்பாட்டின்படி, காமன் லிஸ்ப் மொழியில் 2 முதல் 36 வரையிலான எந்த அடிமானத்திலும் எண்ணை அச்சிடலாம். அடிமானக் குறியைச் சேர்க்கவும் தனி மாறி உண்டு. அம்மாறி இயல்பு நிலையில் செயற்படுவதில்லை. எல்லா எண்களையும் ஒரே அடிமானத்தில் தருவது இன்றியமையாததன்று. முகவரிக்குப் பதினாறும் அளவுக்குப் பத்தும் பொருந்துவனவே. பதின்மம் அல்லாத ஒவ்வோர் எண்ணும் தன் அடிமானத்தைத் தானே அறிவித்தல் வேண்டும் என்பதே இங்குப் பெறப்படும் முடிவாகும்.