வீடியோப் பதிவைத் தொகுப்புக்கு ஏற்றதாக மாற்றுதல்

சினிமாப் படச்சுருளில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் உள்ளன. அவற்றில் ஒவ்வொன்றும் முழுப் படம். ஆகவே தொகுப்பாளர் எந்த இரு படங்களுக்கு இடையிலும் கத்தரித்து, வேண்டிய துண்டுகளை ஒட்டிவிட முடிந்தது. இன்றைய காமிராவும் செல்போனும் பதிவு செய்யும் வீடியோ அப்படிப்பட்டதன்று. பார்க்கும்போது தடையின்றி ஓடும் அதே பதிவு, கணிப்பொறியில் தொகுக்கத் தொடங்கியதும் திக்கித் திணறுவது உண்டு. இதற்குக் காரணம் என்ன?

முதலில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உயர்தெளிவுப் படம் ஒன்றில் அகலவாட்டில் 1920, உயரவாட்டில் 1080 என மொத்தம் 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க 3 பைட் என்று கொண்டால், ஒரு படத்திற்கு ஏறத்தாழ 62 இலட்சம் பைட் தேவை. விநாடிக்கு 25 படங்கள் எனில் 15½ கோடி பைட். ஒரு மணி நேரத்திற்குச் சுமார் 560 ஜிகாபைட்! 32 ஜிகாபைட் நினைவட்டை மூன்றரை நிமிடத்திற்குள் நிரம்பிவிடும். எனவேதான் காமிரா தன் பதிவைச் சுருக்கி எழுதுகிறது.

சுருக்கும் முறைகள் இரண்டு

ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே சுருக்குவது முதல் முறை. புகைப்படங்களுக்குப் பயன்படும் ஜேபெக் முறை போன்றது இது.

இரண்டாவது முறை, படங்களுக்கு இடையே உள்ள ஒற்றுமையைப் பயன்படுத்துகிறது. கரும்பலகையின் முன் நின்று ஆசிரியர் பாடம் நடத்துவதைப் படம் பிடிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பலகையும் சுவரும் அசைவதில்லை. கையும் உதடுகளுமே அசைகின்றன. அசையாதவற்றை விநாடிக்கு 25 முறை எழுதுவானேன்? ஒரு முழுப்படத்தை எழுதிவிட்டு, அடுத்தடுத்த படங்களில் மாறுதல்களை மட்டும் குறித்தால் போதுமன்றோ? 2003-ஆம் ஆண்டில் வெளியான எச்.264 முறையும், 2013-இல் வந்த எச்.265 முறையும் பெரும்பாலும் இவ்வாறே பயன்படுகின்றன. இவற்றில் முந்திய படத்தைச் சார்ந்த படங்களும் உண்டு. முன்னும் பின்னும் உள்ள படங்களைச் சார்ந்தவையும் உண்டு.

எங்கே சிக்கல்?

மளிகைக் கடையின் கணக்கேட்டை எண்ணிப் பாருங்கள். மாதத்தின் முதல் நாளில் மட்டும் கையிருப்பை எழுதிவிட்டு, பிறகு அன்றன்றைய வரவு செலவை மட்டும் எழுதியிருக்கிறார்கள். பதினேழாம் தேதிக் கையிருப்பு எவ்வளவு என்று கேட்டால், முதல் தேதியிலிருந்து கூட்டிக் கழித்துத்தான் சொல்ல முடியும்.

கணிப்பொறியின் நிலையும் இதுவே. பதிவை முதலிலிருந்து வரிசையாக ஓட்டும்போது கணக்கு எளிது. ஆனால் தொகுப்பாளர் வரிசையாகப் பார்ப்பவர் அல்லர். முன்னே தாவுவார், பின்னோக்கி ஓட்டுவார், ஒரு படத்தில் நிறுத்துவார், இரு காட்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பார். ஒவ்வொரு தாவலுக்கும் அருகிலுள்ள முழுப்படத்தைத் தேடி, அதிலிருந்து கணக்கிட்டு வர வேண்டியிருக்கிறது. திணறலுக்கு இதுவே முக்கியக் காரணம்.

மாற்று வடிவங்கள்

இதற்குத் தீர்வு, ஒவ்வொரு நாளும் கையிருப்பை முழுதாக எழுதிய கணக்கேடுதான்! அதாவது, எல்லாப் படங்களும் தனித்தனியே சுருக்கப்பட்ட வடிவம். 2004-இல் வந்த அவிட் நிறுவனத்தின் டிஎன்எக்ஸ்எச்டி, 2007-இல் வந்த ஆப்பிள் நிறுவனத்தின் புரோரெஸ் ஆகியவை இவ்வகையின. ஃபிரெஞ்சுக்காரரான ஃபாப்ரிஸ் பெல்லார்டு 2000-இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச நிரலைக் கொண்டும், பல தொகுப்பு நிரல்களைக் கொண்டும் இம்மாற்றத்தைச் செய்யலாம்.

இதற்கு விலையும் உண்டு. விநாடிக்கு 24 மெகாபிட் வீதம் பதிவான ஒரு மணி நேரக் காட்சி சுமார் 11 ஜிகாபைட் இடம் கொள்ளும். அதையே புரோரெஸ் 422 வடிவத்திற்கு மாற்றினால் வீதம் ஏறத்தாழ 122 மெகாபிட். இடம் 55 ஜிகாபைட். கணிப்பொறியின் உழைப்பு குறைகிறது. வட்டின் சுமை ஐந்து மடங்காகிறது.

வட்டில் அவ்வளவு இடம் இல்லையெனில் வேறு வழியும் உண்டு. மூலப் பதிவுக்குப் பதிலாகச் சிறிய நகல் ஒன்றைச் செய்து, அதைக் கொண்டு தொகுப்பு வேலையை முடிக்கலாம். இறுதியில் நிரல் நகல்களை நீக்கி, மூலப் பதிவையே அந்தந்த இடத்தில் பொருத்திவிடும். நகலுக்கும் மூலத்திற்கும் கோப்பின் பெயரும் நேரக்குறியும் ஒன்றாக இருப்பது நல்லது.

கவனிக்க வேண்டியவை

கோப்பின் பெயருக்குப் பின் வரும் எம்பி4, எம்ஓவி போன்ற எழுத்துகள் பெட்டியின் பெயர்களே. சுருக்கும் முறையின் பெயர்கள் அல்ல. பெட்டியை மட்டும் மாற்றினால் உள்ளிருக்கும் சரக்கு மாறாது.

மாற்றும்போது படத்தின் அளவையும் விநாடிக்கு இத்தனை படங்கள் என்ற வீதத்தையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பல செல்போன்களில் இவ்வீதம் நேரத்திற்கு நேரம் கூடிக் குறையும். அதனை ஒரே சீராக்கிக் கொள்ளாவிடில், உதட்டசைவும் பேச்சும் சிறிது சிறிதாக விலகிப் போகக்கூடும்.

மாற்றியதால் படத்தின் தரம் உயர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். காமிரா சுருக்கும்போது விட்ட நுட்பங்கள் திரும்பி வருவதில்லை. மேலும், இன்றைய கணிப்பொறிகள் பலவற்றில் எச்.264 படங்களை விரிப்பதற்கென்றே தனிச் சுற்றுகள் உள்ளன. ஆகவே முதலில் சோதித்துப் பாருங்கள்; தடையின்றித் தொகுக்க முடிந்தால் மாற்ற வேண்டிய தேவையே இல்லை.

எல்லாவற்றிற்கும் மேலாக, மாற்றி முடிந்துவிட்டது என்று மூலப் பதிவை அழித்துவிடாதீர்கள். புதிய கோப்பில் பிழை இருந்தால் மூலத்திலிருந்து மீண்டும் செய்துகொள்ளலாம். மூலமே போய்விட்டால், பாட்டி பாடிய தாலாட்டையோ, ஒருமுறையே நிகழ்ந்த கிரகணத்தையோ மறுபடி படம் பிடிக்க இயலுமா? மூலப் பதிவுக்கு வெவ்வேறு வட்டுகளில் இரண்டு பிரதிகள் எடுத்து வைத்த பிறகே கத்தரிக்கோலை எடுங்கள்.