தொண்டு நிறுவனங்களுக்கு ஊதியமின்றி ஆலோசனை கூறும் மேலாண்மைப் பட்டதாரிகள்: எவ்வாறு செயல்படுகிறது இந்த முறை?

தொண்டு நிறுவனத்துக்கு உதவுவது என்றதும் நன்கொடை அளிப்பது, பழைய உடைகளைத் திரட்டித் தருவது, விடுமுறை நாளில் மரக்கன்று நடுவது ஆகியவையே பெரும்பாலானோர் நினைவுக்கு வருகின்றன. மேலாண்மைக் கல்லூரிகளில் பயின்று பணியில் இருப்போர், தாங்கள் அன்றாடம் செய்யும் அதே வேலையைத் தங்கள் ஊரில் உள்ள தொண்டு நிறுவனத்துக்குக் கட்டணமின்றிச் செய்து தரும் வழக்கமும் உலகின் பல நகரங்களில் உள்ளது. செலவுக் கணக்கை ஆராய்வது, ஐந்தாண்டுத் திட்டம் வகுப்பது, நிர்வாகக் குழுவைச் சீரமைப்பது போன்றவை அந்த உதவியில் அடங்கும்.

நன்கொடை தொடர்பான சட்ட விதிகள் இந்தியாவில் ஒவ்வோர் ஆண்டும் நுணுக்கமாகி வரும் நிலையில், சிறிய தொண்டு நிறுவனங்களுக்கு இத்தகைய உதவியின் தேவை கூடியுள்ளது. இந்த முறையின் வரலாறு, செயல்பாடு, பயன், வரம்புகள் குறித்து இங்கு காணலாம்.

எங்கே தொடங்கியது?

வழக்கறிஞர்கள் ஏழைகளுக்காகக் கட்டணமின்றி வாதாடும் மரபு நெடுங்காலமாக உள்ளது. இந்தியாவில் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-இல் இயற்றப்பட்டது. கட்டணமின்றி வாதாட முன்வரும் வழக்கறிஞர்களை உதவி தேவைப்படுவோருடன் இணைக்கும் 'நியாய பந்து' திட்டத்தை மத்திய நீதித் துறை 2017-இல் தொடங்கியது. மேலாண்மைத் துறையில் இதற்கு இணையான முறை, அரசின் ஏற்பாடாக இல்லாமல், பெரும்பாலும் கல்லூரிகளின் முன்னாள் மாணவர் சங்கங்கள் வழியாக வளர்ந்தது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு வணிகக் கல்லூரியின் முன்னாள் மாணவர்கள், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் உள்ள தொண்டு நிறுவனங்களுக்கு உதவுவதற்காக 1987-இல் ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தனர். ஹார்வர்டு வணிகக் கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கங்களும் பல நகரங்களில் 'சமூகப் பங்காளர்கள்' என்ற பெயரில் இதே பணியை மேற்கொண்டு வருகின்றன. எந்தக் கல்லூரியையும் சாராமல், தொழில்முறை வல்லுநர்களைத் தொண்டு நிறுவனங்களுடன் இணைப்பதற்கென்றே டேப்ரூட் அறக்கட்டளை 2001-இல் சான் பிரான்சிஸ்கோவில் நிறுவப்பட்டது.

ஒரு திட்டம் எப்படி நடக்கிறது?

இத்தகைய குழுக்களின் நடைமுறை பெரும்பாலும் ஒரே மாதிரியாக அமைந்துள்ளது. தொண்டு நிறுவனம் முதலில் தனது சிக்கலை எழுத்தில் தெரிவித்து விண்ணப்பிக்கிறது. அனுபவமிக்க தன்னார்வலர் ஒருவரோ இருவரோ நேரில் சென்று பேசி, அந்தச் சிக்கல் ஆலோசனையால் தீரக்கூடியதுதானா என ஆராய்கின்றனர். பின்னர் வெவ்வேறு துறைகளில் பணியாற்றும் சிலரைக் கொண்ட குழு அமைக்கப்படுகிறது.

எதைச் செய்வது, எதைச் செய்வதில்லை, எத்தனை மாதங்களில் முடிப்பது, எந்த ஆவணங்களை யார் தருவது என்பன ஒப்பந்தமாக எழுதப்படுகின்றன. பெரும்பாலான திட்டங்கள் சில மாதங்களில் முடிந்துவிடும். தன்னார்வலர்கள் தங்கள் அலுவலக நேரத்துக்குப் பிறகும் வார இறுதியிலும் ஊழியர்கள், அறங்காவலர்கள், நன்கொடையாளர்கள், பயனாளிகள் ஆகியோரைச் சந்தித்துத் தகவல் திரட்டுகின்றனர். இறுதியில் அறிக்கையும் பரிந்துரைகளும் நிர்வாகக் குழு முன் வைக்கப்படுகின்றன.

இந்த முறையில், ஒப்பந்தம் எழுதும் கட்டமே பாதி வெற்றியைத் தீர்மானிக்கிறது. "எங்களுக்கு நிதி போதவில்லை" என்று வரும் நிறுவனத்தின் உண்மையான சிக்கல், நிதித் திரட்டலில் இல்லாமல் செலவைக் கணக்கிடும் முறையில் இருக்கக்கூடும்.

ஒரு கணக்கு சொல்வது என்ன?

இதனை ஒரு கற்பனைக் கணக்கைக் கொண்டு விளக்கலாம். இடம்பெயர்ந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக 12 மாலைநேரக் கல்வி மையங்களை நடத்தும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அங்கு 360 குழந்தைகள் பயில்கின்றனர். ஆசிரியர் ஊதியம், புத்தகம், சிற்றுண்டி ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 27 லட்சம் ரூபாய் செலவாகிறது. எனவே ஒரு குழந்தைக்கு ஆண்டுச் செலவு 7,500 ரூபாய் என அந்த நிறுவனம் நன்கொடையாளர்களிடம் கூறுகிறது. அந்த விகிதத்திலேயே பணமும் பெறுகிறது.

மைய வாடகை, ஒருங்கிணைப்பாளரின் ஊதியம், கணக்காளர், தணிக்கைக் கட்டணம், ஆசிரியர் பயிற்சி, பயணம் ஆகியவற்றுக்கு மேலும் 9 லட்சம் ரூபாய் தேவைப்படுகிறது. அதையும் சேர்த்தால் மொத்தச் செலவு 36 லட்சம். ஒரு குழந்தைக்கு 10,000 ரூபாய். இந்த இடைவெளி சில்லறை நன்கொடைகளாலும், பல நேரங்களில் ஊழியர்களின் ஊதியத்தைத் தள்ளிப்போடுவதாலும் நிரப்பப்படுகிறது. மூன்று மாதம் ஊதியம் வராத ஆசிரியர் வேறு வேலை தேடிச் செல்கிறார்; மையம் மூடப்படுகிறது; குழந்தைகளின் படிப்பு நிற்கிறது.

நிறுவனத்தை நடத்துவோர் அக்கறையற்றவர்கள் என்பதால் இந்தக் கணக்கு விடுபடுவதில்லை. காலை முதல் இரவு வரை மையங்களில் இருப்பவர்களுக்கு அமர்ந்து கணக்கிட நேரமில்லை என்பதே காரணம். வெளியிலிருந்து வரும் ஒருவர் "ஒரு குழந்தைக்கு மெய்யாக எவ்வளவு செலவாகிறது?" எனக் கேட்கும்போது விடுபட்ட 9 லட்சம் கண்ணுக்குத் தெரிகிறது.

நிர்வாகச் செலவைக் குறைத்துக் காட்டும் அழுத்தம் உலகெங்கும் உள்ளது. நன்கொடையாளர்கள் குறைவான நிர்வாகச் செலவை எதிர்பார்ப்பதும், நிறுவனங்கள் அதற்கேற்பக் குறைத்துக் காட்டுவதும், அதனால் எதிர்பார்ப்பு மேலும் குறைவதும் சுழற்சியாகத் தொடர்வதை ஸ்டான்ஃபோர்டு சமூகப் புத்தாக்க இதழில் 2009-இல் வெளியான கட்டுரை ஒன்று 'பட்டினிச் சுழற்சி' எனக் குறிப்பிட்டது.

இந்தியாவில் தேவை ஏன் கூடியுள்ளது?

நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 135-ஆவது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, 1,000 கோடி ரூபாய் விற்றுமுதல், 5 கோடி ரூபாய் நிகர லாபம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டும் நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்பது அதன் சாரம்.

இதனால் தொண்டுத் துறைக்குப் பெருநிறுவன நிதி வரத் தொடங்கியது. கூடவே ஆவணங்களும் பெருகின. இந்த நிதியைப் பெற்றுத் திட்டங்களைச் செயல்படுத்த விரும்பும் அமைப்புகள் 2021 ஏப்ரல் 1 முதல் 'சிஎஸ்ஆர்-1' படிவத்தின் மூலம் மத்திய அரசிடம் பதிவு செய்ய வேண்டும். பெரிய திட்டங்களுக்குத் தாக்க மதிப்பீடும் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. வருமான வரிச் சட்டத்தின் கீழ் பெறும் பதிவையும் குறித்த காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியுள்ளது.

வெளிநாட்டு நன்கொடைக்கான விதிகளும் இறுகியுள்ளன. 2020-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், அத்தகைய நிதியில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. பெற்ற நிதியை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தருவதற்கும் தடை விதித்தது. பெரிய அமைப்புகளிடமிருந்து பங்கு பெற்று வந்த சிறிய அமைப்புகள் புதிய வருவாய் வழியைத் தேட நேர்ந்தது.

இதற்கிடையே, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான 'செபி' 2022-இல் சமூகப் பங்குச் சந்தைக்கான விதிகளை வகுத்தது. தொண்டு நிறுவனங்கள் வட்டியோ அசலோ திருப்பித் தரத் தேவையில்லாத பத்திரங்களை வெளியிட்டு நிதி திரட்ட இது வழிசெய்கிறது. அத்தகைய முதல் பத்திரம் 2023 டிசம்பரில் தேசியப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. ஆனால் இந்த வழியை நாடும் நிறுவனம் தனது பணியின் தாக்கத்தை ஆண்டுதோறும் அறிக்கையாக வெளியிட வேண்டும். கணக்காளரையே முழுநேரமாக அமர்த்த இயலாத நிறுவனத்துக்கு இது எளிதன்று.

சட்டம் இதனை ஊக்குவிக்கிறதா?

ஒரு நிறுவனம் தனது ஊழியர்களின் நேரத்தைத் தொண்டு நிறுவனத்துக்கு அளித்தால், அதனைச் சமூகப் பொறுப்புச் செலவாகக் கணக்கில் காட்டலாமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. பணமல்லாத பங்களிப்பை ரூபாய் மதிப்பாக மாற்றி இந்தச் செலவில் காட்ட இயலாது என மத்திய பெருநிறுவன விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டில் வெளியிட்ட விளக்கத்தில் தெளிவுபடுத்தியுள்ளது.

எனவே தன்னார்வ ஆலோசனைக்குச் சட்டம் தரும் நேரடிச் சலுகை ஏதுமில்லை. அது தனிநபர்களின் விருப்பத்தையும், முன்னாள் மாணவர் சங்கங்கள் தரும் ஒருங்கிணைப்பையும் நம்பியே நடக்க வேண்டியுள்ளது.

வரம்புகள் என்ன?

இந்த முறை குறித்த விமர்சனங்களும் புறந்தள்ளத்தக்கவை அல்ல. முதலாவது, தன்னார்வலரின் நேரம். அலுவலகத்தில் பணிச்சுமை கூடும்போது கட்டணமில்லா வேலையே முதலில் தள்ளிப்போகும். பாதியில் நின்ற திட்டம், தொடங்காத திட்டத்தைக் காட்டிலும் தீங்கானது. ஏனெனில் தொண்டு நிறுவன ஊழியர்களும் அதற்காகத் தங்கள் நேரத்தைச் செலவிட்டிருப்பர்.

இரண்டாவது, அளவுகோல். தொழிற்சாலையில் ஒரு தொழிலாளி கூடுதல் பொருள்களைச் செய்தால் அது திறன். மரணத்தை எதிர்நோக்கியுள்ள நோயாளிகளுக்கான பராமரிப்பு இல்லத்தில் ஒரு செவிலியர் கூடுதல் நோயாளிகளைக் கவனித்தால் அதனைத் திறன் என்று கூற இயலாது. அங்கு நேரம் செலவிடுவதே சேவை.

மூன்றாவது, முடிவெடுக்கும் அதிகாரம். மேற்கண்ட கற்பனை நிறுவனத்தில் "நான்கு மையங்களை மூடினால் எஞ்சிய எட்டும் நிலைக்கும்" என்று ஆலோசகர்கள் பரிந்துரைக்கக்கூடும். கணக்கின்படி அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த நான்கு மையங்களின் குழந்தைகள் எங்கே செல்வார்கள் என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள், அறிக்கை எழுதிவிட்டுச் சென்றவர்கள் அல்லர். அந்தப் பகுதியில் தொடர்ந்து வாழ்பவர்களே. ஆகவே ஆலோசனை கூறுவது குழுவின் பணி. முடிவெடுப்பது நிறுவனத்தின் பொறுப்பு என்ற எல்லை தொடக்கத்திலேயே வகுக்கப்பட வேண்டும்.

நான்காவது, தகவல் பாதுகாப்பு. பயனாளிகளின் பெயர், நோய், குடும்பச் சூழல் போன்றவை வெளியாரிடம் செல்லும்போது கவனம் தேவை. எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டுள்ள நிலையில், பெயர்களை நீக்கிய தரவுகளை மட்டுமே தருவது பாதுகாப்பானது.

ஜவாஜா கற்பித்த பாடம்

மேலாண்மை அறிவைச் சமூகப் பணிக்குக் கொண்டுசெல்லும் முயற்சி இந்தியாவுக்குப் புதிதன்று. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் முழுநேர இயக்குநரான ரவி மத்தாய், அப்பதவியிலிருந்து தாமாக விலகிப் பேராசிரியராகத் தொடர்ந்தவர். அவர் 1975-இல், ராஜஸ்தானில் அப்போது அஜ்மீர் மாவட்டத்தில் இருந்த, வறட்சி மிகுந்த ஜவாஜா பகுதியில் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். தேசிய வடிவமைப்புக் கழகமும் அதில் இணைந்தது.

அங்கிருந்த நெசவாளர்களும் தோல் தொழிலாளர்களும் தங்கள் கைத்திறனைக் கொண்டு புதிய பொருள்களை உருவாக்கவும், சந்தைப்படுத்தவும், கணக்கு வைக்கவும் கற்றனர். வெளியிலிருந்து வந்தவர்கள் இல்லாமலேயே தொழிலாளர்கள் தங்கள் தொழிலைத் தாங்களே நடத்த வேண்டும் என்பதே அதன் நோக்கம். கைவினைஞர்கள் தங்களுக்கென ஒரு கூட்டமைப்பையும் உருவாக்கினர்.

அது முன்னாள் மாணவர்களின் முயற்சியாக இல்லாமல், பேராசிரியர்கள் பல ஆண்டுகள் ஈடுபட்ட பணியாக இருந்தது. எனினும் சில மாதங்களில் முடியும் தன்னார்வத் திட்டத்துக்கும் அதே உரைகல் பொருந்தும். ஆலோசகர்கள் விடைபெற்ற பிறகு அந்தக் கணக்கை நிறுவனத்தின் ஊழியரே போட முடிகிறதா என்பதே அந்த உரைகல்.

இரு தரப்பும் கவனிக்க வேண்டியவை

உதவி நாடும் நிறுவனம், ஒரு நேரத்தில் ஒரு சிக்கலை மட்டும் முன்வைப்பது நல்லது. குழுவுடன் தொடர்பில் இருக்க ஒரு பொறுப்பாளரை நியமிப்பதும், வரவு செலவுக் கணக்கை மறைக்காமல் தருவதும், பரிந்துரைகளை நிறைவேற்ற எவ்வளவு செலவாகும் என முன்கூட்டியே கேட்பதும் அவசியம்.

முன்வரும் பட்டதாரிகள், தாங்கள் தரக்கூடிய நேரத்தை மிகைப்படுத்தாமல் கூற வேண்டும். அறிக்கை எழுதத் தொடங்குமுன் களத்தில் சில நாள்களையேனும் செலவிட வேண்டும். அறிக்கை, ஊழியர்கள் படிக்கும் மொழியில் அமைய வேண்டும். அளித்த பரிந்துரைகளில் எவை நடைமுறைக்கு வந்தன என ஆறு மாதங்களுக்குப் பிறகு மீண்டும் சென்று பார்ப்பதும் அவர்களது பணியின் பகுதியே.

நன்கொடையாகத் தரும் பணம் அந்த ஆண்டின் செலவுக்கு உதவும். கணக்கு தெளிவாக இருந்தால், அடுத்த ஆண்டு நன்கொடையாளரிடம் 7,500 ரூபாய்க்குப் பதிலாக 10,000 ரூபாய் கேட்கும் துணிவு அந்த நிறுவனத்துக்கு வரும். ஆசிரியருக்கும் மாதந்தோறும் ஊதியம் கிடைக்கும்.