எழுதியவர் ஒருவர், வாசித்தவர் வேறொருவர்!



உங்களுக்குப் பிடித்த பாடகர் ஒருவரின் புதிய இசைத்தட்டை வாங்கி வருகிறீர்கள். ஆவலோடு போட்டுக் கேட்டால், அதில் பாட்டே இல்லை. பியானோ மட்டுமே ஒலிக்கிறது. அதை வாசிப்பவரும் அந்தப் பாடகர் அல்லர்! உங்களுக்கு எப்படி இருக்கும்?

2001 அக்டோபரில் அமெரிக்கப் பாப் பாடகர் பில்லி ஜோயலின் ரசிகர்களுக்கு இந்த அனுபவம்தான் கிடைத்தது. 1973இல் ‘பியானோ மேன்’ பாடலைத் தந்தவர். உலகெங்கும் அரங்குகளை நிறைத்தவர். அப்படிப்பட்டவர் 1993க்குப் பிறகு புதிய பாப் பாடல் தொகுப்பு எதையும் வெளியிடாமல் இருந்தார். எட்டாண்டு கழித்து அவர் தந்ததுதான் ‘ஃபேன்டசீஸ் அண்ட் டெலூஷன்ஸ்’ என்னும் இந்தத் தட்டு.

தந்தையின் இசை

இதன் வேர் அவருடைய இளமையில் இருக்கிறது. பில்லி ஜோயல் 1949இல் பிறந்து, நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் வளர்ந்தவர். தந்தை ஜெர்மனியில் பிறந்த யூதர். நாஜிக் கொடுமைக்குத் தப்பி வந்த குடும்பம். அவர் சாஸ்திரீய இசையைப் பியானோவில் வாசிக்க வல்லவர். மகன் சிறுவனாக இருந்தபோதே பெற்றோர் பிரிந்தனர். தந்தை ஐரோப்பாவுக்குத் திரும்பி, வியன்னா நகரில் குடியேறினார். தாயோ மகன் பியானோ கற்பதை விட்டுவிட இடம் கொடுக்கவில்லை.

அந்தப் பாடம் வீண்போகவில்லை. பாப் இசையில் பேரும் பணமும் கண்ட பிறகு, ஜோயலின் மனம் ஷோபான், ஷூமான் போன்ற பழைய மேதைகளை நாடியது. அவர்கள் நடந்த வழியிலேயே தனிப் பியானோவுக்கு இசை எழுதினார். சாஸ்திரீய மரபுப்படி, ‘ஓபஸ்’ என்னும் படைப்பு வரிசை எண்ணை 1 முதல் 10 வரை இட்டார். அவற்றில் மூன்று, மூன்று தட்டுக் கணக்கில் சுழன்று செல்லும் வால்ட்ஸ் நடனக் கோலங்கள். முதல் வால்ட்ஸுக்கு லாங் ஐலண்டில் இருந்த ஒரு கேளிக்கைப் பூங்காவின் குதிரை ராட்டினத்தின் பெயரைச் சூட்டினார்.

பிறர் கையில் தன் பிள்ளை

எழுதியாயிற்று. வாசிப்பது யார்? இங்கேதான், வாசகர்களே, நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ‘பியானோ மேன்’ என்றே உலகம் அழைக்கும் மனிதர், இந்த இசைக்கு வேண்டிய தேர்ச்சி தம் விரல்களுக்கு இல்லை என்பதை ஒப்புக்கொண்டார். பிரிட்டனில் பிறந்த கொரிய வம்சாவளிக் கலைஞர் ஹியூங்கி ஜூவிடம் தம் படைப்பை ஒப்படைத்தார். ஒலிப்பதிவு நடந்த இடம் எது தெரியுமா? தந்தை குடியேறிய அதே வியன்னா!

பழைய மேதைகளின் சாயல்தான் தெரிகிறது என்று சில விமர்சகர்கள் குறை கூறினர். ஆனால், அமெரிக்காவின் பில்போர்டு சாஸ்திரீய இசைப் பட்டியலில் இத்தட்டு 18 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.

அந்த வெற்றியைவிட என் மனத்தைத் தொட்டது ஒன்று உண்டு. தாமே வாசித்திருந்தாலும் ரசிகர்கள் வாங்கியிருப்பார்கள். குறையை அந்தப் புகழே மறைத்திருக்கும். அவரோ தம் பெயரைவிட இசை பெரிது என்று எண்ணினார். ஒரு துறையில் கொடிகட்டிப் பறந்தவர், இன்னொரு துறையில் ‘ஓபஸ் 1’ என்று மாணவரைப் போல் தொடங்கினார்.

இந்த இசை கிடைத்தால் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். குரல் இல்லாத அந்தத் தட்டில், ஒரு பாடகரின் அடக்கம் உங்கள் காதில் விழும்!