தயிர் கரைக்காத பல்லை எலுமிச்சை கரைப்பது ஏன்?

நன்றாக உறைந்த தயிரின் பிஎச் மதிப்பு 4-ஐ ஒட்டி இருக்கும். வாயில் பிஎச் 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும் என்கின்றன பாடப்புத்தகங்கள். இந்தக் கணக்கை நம்பினால், தினமும் தயிர்ச்சோறு சாப்பிட்டே வளர்ந்தவர்களுக்கு நடுவயதில் பல்லே மிஞ்சியிருக்கக் கூடாது. ஆனால் அப்படி நடப்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் பல்துண்டைத் தயிரில் ஊறவைத்துப் பார்த்தாலும் எனாமல் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அதே துண்டை எலுமிச்சைச் சாற்றில் சில நிமிடங்கள் போட்டாலே மேற்பரப்பு மெத்துப் போய்விடுகிறது.

புளிப்பு என்று நாக்கு சொல்வதை வைத்து மட்டும் பல்லுக்கு நேரும் கேட்டை அளக்க முடியாது. எனாமலின் எடையில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சிஅபடைட் என்னும் படிகம் அது. ஒவ்வொரு படிகத்தின் அகலமும் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருபதாயிரத்தில் ஒரு பங்கு. அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான படிகங்கள் கட்டுக்கட்டாகச் சேர்ந்து நுண்ணிய தூண்களாகி, அந்தத் தூண்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டுப் பின்னிக் கிடக்கின்றன. ஓரிடத்தில் விழும் கீறல் நேர்க்கோட்டில் ஓடிவிடாமல் இந்தப் பின்னல்தான் தடுக்கிறது. மனித உடலில் இதைவிடக் கடினமான பொருள் வேறில்லை. கடைவாய்ப்பல்லின் முகட்டில் இதன் தடிமன் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் வரை போகும்; ஈறை நெருங்க நெருங்க மெலிந்துவிடும்.

இந்தப் படிகம் கரைவதும் கரையாததும், அதைச் சூழ்ந்த திரவத்தில் ஏற்கெனவே எவ்வளவு கால்சியமும் பாஸ்பேட்டும் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. சர்க்கரை கரைந்து கரைந்து அடியில் தங்கிவிட்ட தண்ணீரில் இன்னொரு கரண்டி போட்டால் அது கரையாமல் கிடக்கும். தயிரும் அப்படித்தான். பாலிலிருந்து வந்த கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் நிறைந்திருப்பதால், பல்லிலிருந்து மேலும் இழுத்துக்கொள்ள அதற்கு இடமில்லை. 5.5 என்ற எண்கூட நிலையான எல்லை இல்லை. சராசரி உமிழ்நீரை வைத்துப் போட்ட கணக்கு அது. ஆரஞ்சுச் சாற்றில் கால்சியம் கலந்தால் அது பல்லைக் கரைக்கும் வேகம் குறைவதும் இதே காரணத்தால்தான்.

எலுமிச்சையில் நிலைமை தலைகீழ். அதன் பிஎச் 2-க்குச் சற்று மேலே, கால்சியமோ சொற்பம். போதாக்குறைக்கு, அதிலுள்ள சிட்ரிக் அமிலம் கால்சியத்தைப் பற்றிப் பிடித்துக்கொள்ளும் குணம் கொண்டது. பல்லிலிருந்து பிரியும் கால்சியத்தை மட்டுமல்ல, பல்லுக்கு உதவ வரும் உமிழ்நீரின் கால்சியத்தையும் அது கவ்விக்கொள்கிறது. வெறும் சோடாத் தண்ணீர் பல்லுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை. அதில் சுவைக்காகச் சேர்க்கும் அமிலங்களால்தான் தொல்லை.

இப்படி அமிலம் பல்லைக் கரைக்கும் அரிப்பு, சொத்தையிலிருந்து வேறானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொத்தையில் பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்கும். ஓரிடத்தில் குழி விழும். அரிப்பில் பாக்டீரியாவுக்கு வேலையே இல்லை. அமிலம் நேராக வந்து, பரந்த பரப்பை மெல்ல மெல்லக் கரைத்துக்கொண்டு போகும். பல் பளபளவென்று சுத்தமாகவே இருக்கும். அதனால்தான் பலரும் நெடுநாள் கவனிப்பதில்லை.

போன எனாமல் ஏன் திரும்ப வளர்வதில்லை? எலும்பு முறிந்தால் கூடுகிறது, தோல் கிழிந்தால் ஆறுகிறது. அங்கெல்லாம் உயிரணுக்கள் இருக்கின்றன. எனாமலைக் கட்டும் உயிரணுக்களுக்கு அமெலோபிளாஸ்ட் என்று பெயர். பல் ஈறுக்குள் புதைந்திருக்கும்போதே அவை நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு, என்ற அளவில் எனாமலை வைத்துக்கொண்டே போகின்றன. ஒவ்வொரு நாள் வேலையும் ஒரு மெல்லிய வரியாகப் பதிகிறது. பால்பல்லைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால், குழந்தை பிறந்த நேரத்தில் விழுந்த ஒரு கோடு தனித்துத் தெரியும். கருவறையில் கட்டிய எனாமல் ஒரு பக்கம், வெளியே வந்தபின் கட்டியது மறுபக்கம். பல் முளைத்து வாய்க்குள் எட்டிப் பார்க்கும்போது, அதைக் கட்டிய உயிரணுக்கள் முற்றிலும் மறைந்துபோகின்றன. மேற்பரப்பு மெத்துப் போன நிலையில் உமிழ்நீர் ஓரளவு மீட்டுத் தரும். கரைந்து போன படலத்தை உடல் மறுபடி கட்டுவதில்லை. சீனாவின் செஜியாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல், கால்சியம் பாஸ்பேட்டின் மிக நுண்ணிய திரள்களைக் கொண்டு பல்லின் மேல் இயற்கை எனாமலை ஒத்த படலத்தை வளர்த்துக் காட்டினார்கள். அதன் தடிமன் 3 மைக்ரானுக்கும் குறைவு.

ஆகவே நம்மிடம் இருக்கும் காவல் உமிழ்நீர்தான். நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் இந்த நீரை நாம் மதிப்பதே இல்லை. துலக்கி முடித்த சில நிமிடங்களுக்குள் அதிலுள்ள புரதங்கள் பல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாக ஒட்டிக்கொள்கின்றன. அமிலம் முதலில் அதைக் கடந்தாக வேண்டும். பைகார்பனேட் அமிலத்தை முறிக்கிறது. இன்னொரு வேலை எனக்கு இன்றும் வியப்பளிப்பது: உமிழ்நீரில் கால்சியமும் பாஸ்பேட்டும் அளவுக்கு மீறியே கரைந்திருக்கின்றன. அவை கண்ட இடத்தில் கல்லாகப் படிந்துவிடாமல் ஸ்டாதெரின் போன்ற புரதங்கள் பிடித்து வைத்திருக்கின்றன. அமிலத்தில் மெத்துப் போன எனாமலுக்குத் தேவையான சரக்கு, இப்படி எந்நேரமும் பல்லைச் சுற்றித் தயாராக இருக்கிறது.

ஆனால் அதற்கு நேரம் வேண்டும். ஒரு டம்ளர் எலுமிச்சை ஜூஸைச் சாப்பாட்டோடு குடித்து முடித்தால், சில நிமிடங்களில் உமிழ்நீர் நிலைமையைச் சரிக்கட்டத் தொடங்கிவிடும். அதே டம்ளரை மேசையில் வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க மிடறு மிடறாக உறிஞ்சினால், ஒவ்வொரு மிடறும் பழையபடி தொடக்கத்துக்கே கொண்டுபோகும். எவ்வளவு குடித்தோம் என்பதைவிட எத்தனை முறை வாயில் அமிலம் பட்டது என்பதையே நான் பெரிதாக நினைக்கிறேன். தூக்கத்தில் உமிழ்நீர் ஏறக்குறைய நின்றுவிடுவதால், படுக்கும் முன் குளிர்பானம் குடிப்பது எல்லாவற்றிலும் மோசம். சித்திரை வெயிலில் நாவறண்டு வந்தவருக்கும் உமிழ்நீர் குறைந்திருக்கும். முதலில் தண்ணீர் குடித்துவிட்டு அப்புறம் ஜூஸைத் தொடலாம்.

பச்சை மாங்காய் தின்றால் பல் கூசுவதும் இதோடு தொடர்புள்ளதுதான். எனாமலுக்கு அடியிலிருக்கும் டென்டினில் ஆயிரமாயிரம் நுண்குழாய்கள் உண்டு; அவற்றில் திரவம் இருக்கிறது. எனாமல் மெலிந்தோ ஈறு இறங்கியோ அந்தக் குழாய்களின் வாய் திறந்துவிட்டால், குளிர்ச்சியோ புளிப்போ இனிப்போ பட்டதும் உள்ளே திரவம் நகர்ந்து நரம்பைத் தூண்டுகிறது. ஸ்வீடனின் மார்டின் பிரான்ஸ்ட்ரோம் இந்த விளக்கத்தை 1960-களில் நிலைநாட்டினார். மாங்காய் தின்ற அன்றைக்கு மட்டும் கூசிப் போனால் பயமில்லை. தண்ணீர் குடித்தாலே கூசுகிறதென்றால் டாக்டரிடம் காட்டுவதுதான் சரி.

பல் வெள்ளையாக எலுமிச்சைச் சாற்றைத் தேய்க்கச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. அமிலத்தால் இளகிய எனாமல் சில மைக்ரான் ஆழமே இருக்கும். அதன் மேல் விரலையோ பிரஷ்ஷையோ போட்டுத் தேய்த்தால் அது வழித்துக்கொண்டு போய்விடும். எனாமல் மெலிந்தால் அடியிலிருக்கும் டென்டினின் மஞ்சள் நிறம் எட்டிப் பார்க்கும். வெள்ளைக்கு ஆசைப்பட்டவருக்குக் கிடைப்பது மஞ்சள். கரித்தூளும் செங்கல்தூளும் அமிலமில்லாமலேயே தேய்மானத்தைத் தருபவை. புளிப்பாகச் சாப்பிடப் போகிறோம் என்று தெரிந்தால் அதற்கு முன்பே மெதுவான பிரஷ்ஷால் துலக்கிவிடுவது நல்லது.

புளோரைடு பேஸ்ட் உதவும். புளோரைடு புகுந்த படிகம் பிஎச் 4.5 வரை தாக்குப்பிடிக்கும். சொத்தைக்கு அது பெரிய காவல். ஆனால் எலுமிச்சை அந்த எல்லைக்கும் வெகு கீழே இருக்கிறது. அரிப்புக்கு ஸ்டானஸ் புளோரைடு, அதாவது தகரம் சேர்ந்த வகை, கூடுதலாகப் பலன் தருகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரிலேயே புளோரைடு மிகுந்து, பல் உருவாகும் வயதில் அதைக் குடித்த பிள்ளைகளின் எனாமல் கறைபட்டுப் போனதை நாம் அறிவோம். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் அதற்காக வந்ததுதான். ஆகவே சின்னப் பிள்ளைகள் பேஸ்ட்டை விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அமிலம் எப்போதும் உணவிலிருந்துதான் வரும் என்றில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியாவில், ஒரே நீச்சல்குளத்தில் பயிற்சி செய்த வீரர்களின் பற்கள் அரித்துப் போனதை 1983-ல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்தது. குளோரின் வாயு தண்ணீரில் கலந்தால் அமிலம் உண்டாகும். அதைச் சரியாக முறிக்காமல் விட்டதில் குளத்து நீரின் பிஎச் 2.7-க்கு இறங்கியிருந்தது.

அரிப்பு விழுந்த இடத்தை வைத்தே அமிலம் வந்த வழியை ஓரளவு ஊகிக்கலாம். குடிக்கும் பானத்தால் என்றால் பெரும்பாலும் மேல் முன்பற்களின் உதட்டுப் பக்கம் தேயும். வயிற்றிலிருந்து மேலேறி வரும் அமிலம் என்றால் அதே பற்களின் உள்பக்கம், அண்ணத்தை நோக்கிய பகுதி, கரைந்திருக்கும். நாக்குக்கு அடியில் உமிழ்நீர் சுரந்து தேங்கும் இடத்தை ஒட்டிய கீழ் முன்பற்கள் பெரும்பாலும் தப்பித்துவிடும். பல்லில் அடைத்த சிமென்ட் பல்லைவிட உயர்ந்து துருத்தி நிற்பதும், கடைவாய்ப்பல்லின் முகட்டில் சின்னக் குழிகள் விழுவதும், முன்பல்லின் விளிம்பு கண்ணாடிபோல ஒளி ஊடுருவத் தொடங்குவதும் மற்ற அடையாளங்கள். நெஞ்செரிச்சலே தெரியாமல் இரவில் அமிலம் மேலேறுபவருக்கும், சாப்பிட்டதை ரகசியமாக வாந்தி எடுக்கும் இளம்பெண்ணுக்கும் என்ன பிரச்சினை என்பதைப் பல் மருத்துவரே முதலில் கண்டுபிடிப்பது உண்டு. திட்டாமல் கேட்கும் டாக்டராக அவர் இருப்பது மிக முக்கியம்.

மசக்கையில் காலையும் மாலையும் வாந்தி எடுக்கும் பெண்கள் வாய் நாறுகிறதே என்று உடனே பிரஷ்ஷை எடுக்கிறார்கள். இரைப்பை அமிலத்தின் பிஎச் 1-லிருந்து 2 வரை இருக்கும், எலுமிச்சையைவிடக் கடுமை. அந்த நேரத்தில் பிரஷ் வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீரில் சமையல் சோடா கொஞ்சம் கரைத்து வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, குறைந்தது அரை மணி நேரமாவது பொறுத்துத் துலக்கினால் போதும்.