பிள்ளையை டாக்டர் படிப்பில் சேர்ப்பதா?

மேல்நிலைத் தேர்வின் முடிவுகள் வெளியாகும் கோடைநாட்களில், நூலுக்கும் விதைக்கும் கடனுக்குமாக நம் சங்க அலுவலகத்துக்கு வரும் அங்கத்தினர்கள், வந்த காரியம் முடிந்த பிறகும் சிறிது நேரம் திண்ணையில் உட்கார்ந்திருப்பதைக் காண்கிறோம். கேட்க வந்த கேள்வி வேறொன்று என்பதை நாம் அறிந்துகொள்கிறோம். சென்ற கோடையில் அவ்விதம் உட்கார்ந்திருந்த அங்கத்தினர் ஒருவர், வீட்டில் ஒரு தறியும் ஊருக்கு வெளியே ஒன்றரை ஏக்கர் மரவள்ளியும் உடையவர், நெடுநேரம் கழித்து வாய் திறந்தார். “ஐயா, நிலப் பத்திரத்தின் பேரில் பெருந்தொகை ஏதாவது கிடைக்குமா? பெண்ணை டாக்டருக்குப் படிக்க வைக்க வேண்டும். இங்கே இடம் கிடைக்கவில்லை. கடல் கடந்த நாட்டில் இடம் இருக்கிறது என்று தரகர் ஒருவர் சொல்லுகிறார்.”

தறிக்கும் பயிருக்கும் கடன் கொடுக்கும் விதிகளே நம்மிடம் உள்ளன என்று சொல்லி அவரை அனுப்பியிருக்கலாம். ஆயினும் ஒரு குடும்பத்தின் ஒரே நிலம் போவதா நிற்பதா என்ற விஷயமாக இருந்தமையால், மறுநாள் மகளையும் அழைத்து வரச் சொன்னோம். அப்பெண்ணிடம் நாம் கேட்டது ஒன்றுதான்: “ஏனம்மா டாக்டர்?” தகப்பனார் முந்திக்கொண்டு, ஊரில் மதிப்பு, கைநிறைய வருமானம் என்றெல்லாம் சொன்னார். அப்பெண் தலை குனிந்தபடியே, “பாட்டிக்கு மூச்சுத் திணறியபோது வண்டி பிடித்துப் போய்க்கொண்டிருந்தோம். போகும் வழியிலேயே போய்விட்டார்கள்” என்றாள். இதைத் தகப்பனார் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

இந்த விடையைக் கேட்டதும், நம் மாவட்டத்திலேயே அரூர் வட்டாரத்தில், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையே கிடக்கும் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு நம் நினைவுக்கு வந்தது. மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடி மக்களும் வாழும் இடம் அது. 1993-ஆம் ஆண்டில் அங்கே டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா ரெஜி என்னும் தம்பதியர் வந்து குடியேறினர். இருவரும் கேரளத்தில் ஆலப்புழையில் மருத்துவம் பயின்றவர்கள். திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமத்து மருத்துவமனையில் வேலை பார்த்தபோது, சாதாரண வயிற்றுப்போக்குக்கும் சளிக்காய்ச்சலுக்கும் கூட மக்கள் வெகு தொலைவிலிருந்து, அதுவும் காலம் கடந்து, வந்து சேருவதை அவர்கள் கண்டனர். நோயாளி வைத்தியரைத் தேடி அலைவதைக் காட்டிலும் வைத்தியர் நோயாளியின் ஊருக்குப் போய் இருப்பது எளிதல்லவா என்று எண்ணத் தலைப்பட்டனர். எளிது என்று நாம் எழுதிவிட்டோம். எழுதுவதற்குத்தான் அது எளிது.

அக்காலத்தில் சிட்லிங்கியிலிருந்து ஆஸ்பத்திரி என்று போகவேண்டுமானால் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் கடந்து அரூருக்கு வரவேண்டும். அறுவைச் சிகிச்சை என்றால் அதற்கும் அப்பால் சேலம் போன்ற நகருக்குப் போகவேண்டும். பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு அந்தத் தூரம் எத்தகையது என்பதை நாம் விரிக்க வேண்டியதில்லை. உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 150-ஐ ஒட்டிய எண்ணிக்கை ஓராண்டு நிறையுமுன் மடிந்துகொண்டிருந்தது.

வந்தவர்களுக்குக் கட்டடம் இல்லை. ஊர் மக்கள் மண்ணும் கூரையுமாக ஒரு குடிசை போட்டுக் கொடுத்தார்கள். அதுவே நோயாளிகளைப் பார்க்கும் இடம், அதுவே பிரசவ அறை, அதுவே அறுவைக் கூடம். நூறு வாட் மின்விளக்கு ஒன்றே அங்கே வெளிச்சம். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் இவ்வாறு நடந்த பிறகே, நண்பர்கள் தந்த பொருளைக் கொண்டு பத்துப் படுக்கைகள் கொண்ட சிறிய ஆஸ்பத்திரி எழுந்தது. பின்னாளில் அது 35 படுக்கைகள் வரை வளர்ந்தது.

இங்கே நம் அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இரண்டு டாக்டர்களால் மட்டும் அந்தப் பள்ளத்தாக்கைக் கவனித்திருக்க முடியாது. எட்டாவதோ பத்தாவதோ வரை படித்திருந்த உள்ளூர்ப் பெண்களைச் சேர்த்து, நாடி பார்ப்பது, மருந்து கொடுப்பது, பிரசவம் பார்ப்பது, அறுவைச் சிகிச்சையில் உடனிருந்து உதவுவது வரை அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தனர். ஊருக்கு ஊர் மூத்த பெண்மணிகளைத் தெரிந்தெடுத்து, கர்ப்பிணிகளின் உணவு, கைக்குழந்தையின் வளர்ப்பு, தூய்மை ஆகியவற்றை வீடு வீடாகச் சென்று சொல்லப் பழக்கினர். பிற்காலத்தில் குழந்தை மரணம் ஆயிரத்துக்கு இருபதை ஒட்டிய அளவுக்கு இறங்கியது. அந்த இறக்கத்தில் டாக்டரின் கை எவ்வளவு, இந்தப் பெண்களின் கால்நடை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. நம் அபிப்பிராயத்தில் பின்னது முன்னதற்குக் குறைந்ததன்று.

கதை ஆஸ்பத்திரியோடு நிற்கவில்லை. ஊட்டமில்லாத உடம்புக்கு மாத்திரை மட்டும் போதாது. கடன்பட்ட விவசாயி வீட்டில் ஊட்டத்துக்கு வழி ஏது? ஆகவே பின்னாளில், இரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல் பயிர் செய்ய இசைந்த விரல்விட்டு எண்ணக்கூடிய விவசாயிகளைக் கொண்டு சிட்லிங்கி இயற்கை விவசாயிகள் சங்கம் பிறந்தது. சிறுதானியமும் மஞ்சளும் விளைவித்து, பதப்படுத்தி, தாங்களே விற்கும் சங்கமாக அது பல நூறு பேரைச் சேர்த்துக்கொண்டது. லம்பாடிப் பெண்களின் பழைய பூத்தையலோ கிட்டத்தட்ட மறைந்தே போயிருந்தது. நினைவில் வைத்திருந்த முதிய பெண்கள் ஓரிருவரிடமிருந்து இளையவர்கள் அதனைத் திரும்பக் கற்று, ‘பொற்கை’ என்ற பெயரில் ஒரு கைவினைச் சங்கம் அமைத்தனர். அவர்கள் மொழியில் அச்சொல்லுக்குப் பெருமிதம் என்று பொருளாம். நெசவாளரும் விவசாயியும் ஒரே சங்கத்தில் உள்ள நம்மைப் போன்றோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. டாக்டர்கள் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததுதான் புதுமை.

இவ்வளவையும் அந்தத் தகப்பனாரிடம் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டு, “அவர்கள் டாக்டர்கள். முதலில் டாக்டராக வேண்டாமா?” என்றார். நியாயமான கேள்வி. ஆகவே கணக்குக்கு வந்தோம்.

எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டுகள். அதன்மேல் ஓராண்டு ஆஸ்பத்திரிப் பயிற்சி. மேற்படிப்பு என்றால் இன்னும் மூன்று ஆண்டுகள். பதினெட்டு வயதில் நுழையும் பெண், சம்பாதிக்கத் தொடங்குவதற்குள் தறி பல முறை பாவு மாறியிருக்கும். 2017 முதல் நம் மாநிலத்திலும் நீட் தேர்வின் மதிப்பெண்ணே இடத்தைத் தீர்மானிக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-இல் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. அவ்வழியில் இடம் பெறுவோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இவர் மகள் அரசுப் பள்ளி மாணவி. இன்னும் ஓராண்டு தயாராகி மறுபடி எழுதும் வழி அவளுக்குத் திறந்தே இருந்தது. தரகர் அதைச் சொல்லவில்லை. வெளிநாட்டில் படித்துத் திரும்புவோர் இங்கே தொழில் செய்ய மற்றொரு தேர்வில் தேற வேண்டும் என்பதையும், பலர் அதை மீண்டும் மீண்டும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் அவர் சொல்லவில்லை. தருமபுரி நகரிலேயே 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடந்துவருவதை மட்டும் தகப்பனாரே அறிந்திருந்தார். அதன் வாசல் வழியாகப் பேருந்தில் போயிருக்கிறாராம்.

விருப்பம் இல்லாதவரையும் சில சமயம் இத்தொழில் இழுத்துக்கொள்வதுண்டு. ஐடா ஸ்கடர் அம்மையார் மருத்துவத் தொழிலே வேண்டாம் என்றிருந்தவர். திண்டிவனத்தில் ஓர் இரவு மூன்று வீட்டு ஆண்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவத்தில் தவிக்கும் தம் மனைவியரைக் காக்கும்படி அவரை அழைத்தார்கள். டாக்டரான அவருடைய தந்தை வருவதாகச் சொல்லியும், ஆண் மருத்துவர் பார்ப்பதற்கு அவர்கள் இசையவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர். அம்மையார் அமெரிக்கா சென்று படித்து, 1899-இல் பட்டம் பெற்றுத் திரும்பி வேலூரில் வைத்தியம் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென்றே அங்கு மருத்துவப் பள்ளியும் கண்டார். ஆனால் வேலூரில் செவிலியர் பள்ளி அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 1909-இல், தொடங்கிவிட்டது. இந்த வரிசையை நாம் குறிப்பிட்டபோது அப்பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

மனத்தில் தைத்ததனால் டாக்டராக விரும்புகிறவர், சீட்டுக் கிடைக்காவிட்டால் அந்த விருப்பத்தையே கைவிட வேண்டுமா? நர்ஸ் படிப்பு இருக்கிறது. மருந்தாளுநர், ஆய்வுக்கூடத் தொழில் இருக்கின்றன. பாட்டியின் மூச்சுத் திணறலை முதலில் அறிந்து, உரிய நேரத்தில் வண்டியேற்றுவதற்கு ஊரிலேயே ஆள் வேண்டும். அதே சமயம், ஏழை வீட்டுப் பெண் டாக்டர் ஆசையை விட்டுவிட்டு நர்ஸாகவே இருக்கட்டும் என்று சொல்லும் குரலோடு நாம் சேரமாட்டோம். மதிப்பெண் அருகில் வந்து தவறியவள் மறுபடி எழுதத்தான் வேண்டும். நிலத்தை விற்றுத் தரகர் கையில் கொடுப்பதைத்தான் தடுத்தோம்.

தகப்பனார் பத்திரத்தை மறுபடி துணியில் சுற்றிக்கொண்டார். ஓராண்டு பார்ப்பது என்று முடிவாயிற்று. அதுவரை காலையில் பாடம், மாலையில் அம்மாவோடு தார் சுற்றுவது. புறப்படும்போது அப்பெண் நம்மிடம் கேட்டது தேர்வைப் பற்றியன்று. சிட்லிங்கிக்கு அரூரிலிருந்து எத்தனை மணிக்குப் பஸ் என்று கேட்டாள். கோட்டப்பட்டி வழியாகப் போகும் வண்டியின் நேரத்தை விசாரித்து, அவள் நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தோம்.