கண்ணிவெடிப் பாதையில் காக்கும் "உட்கார்': தரளுவில் பாடம் பயிலும் நாய்க்குட்டிகள்

புது தில்லி: வீட்டில் வளரும் நாய்க்குட்டி, "உட்கார்' என்றதும் உட்கார்ந்தால் குழந்தைகள் கைதட்டி மகிழ்வர். அதே பாடத்தைப் பாதுகாப்புப் படையின் குட்டி அரைகுறையாகக் கற்றால், பின்னாளில் அதைத் தொடர்ந்து நடந்துவரும் வீரர்களின் உயிருக்கே ஆபத்து.

பெங்களூருக்குத் தெற்கே, ஆனேக்கல் வட்டத்திலும் பரந்துள்ள பன்னர்கட்டா காட்டை ஒட்டி அமைந்துள்ளது தரளு. மத்திய ரிசர்வ் போலீஸ் படை 2011-ல் தொடங்கிய நாய் இனப்பெருக்க, பயிற்சிப் பள்ளி இங்குதான் உள்ளது. மாவோயிஸ்டுகள் மண்ணில் புதைத்த கண்ணிவெடிகளைக் கண்டறியும் நாய்கள் இங்கிருந்து காடுகளுக்கு அனுப்பப்பட்டன.

வெடிபொருளை மோப்பம் பிடித்த நாய் குரைக்கக் கூடாது. குரைத்தால் படை இருக்குமிடம் எதிரிக்குத் தெரிந்துவிடும். மண்ணைப் பிறாண்டினாலோ கண்ணிவெடி வெடித்துவிடும். எனவே, அந்த இடத்தில் அசையாமல் உட்கார வேண்டும் அல்லது படுக்க வேண்டும். குட்டிப் பருவத்தின் மிக எளிய பாடமே, பணியில் மிகப் பெரிய எச்சரிக்கையாகிறது.

அடி உதவாது: பிறந்த 3-வது வாரம் முதல் ஏறத்தாழ 14-வது வாரம் வரை குட்டிகள் உலகைப் பழகிக்கொள்ளும் காலம். புதிய மனிதர்கள், வாகன இரைச்சல், வழுக்கும் தரை ஆகியவை அப்போதே அறிமுகமாக வேண்டும். கீழ்ப்படிதலையும் அப்போதே விளையாட்டாகத் தொடங்கலாம். தின்பண்டத் துணுக்கை மூக்கருகே காட்டி, தலைக்கு மேலாகப் பின்னோக்கி நகர்த்தினால் குட்டியின் தலை உயரும். பின்புறம் தானாகத் தாழும். தரையைத் தொட்ட அதே நொடியில் துணுக்கைத் தர வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் எதற்காகப் பரிசு கிடைத்தது என்பது அதற்குப் புரியாது. ஒரு வேளைக்குச் சில நிமிடங்களே போதும்.

அழைத்தும் தாமதமாக வந்த குட்டியை அடிப்பது பலரும் செய்யும் தவறு. "வந்தால் அடி விழும்' என்பதையே அது கற்றுக்கொள்கிறது. அச்சத்தில் வளர்ந்த நாயை, துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே நம்ப முடியாது.

தரளுவில் பயிற்சி பெற்ற "ரோலோ' என்ற 2 வயது பெண் நாய், 2025 ஏப்ரல் 27-ல் சத்தீஸ்கர் - தெலங்கானா எல்லையில் உள்ள கர்ரேகுட்டா மலையில் தேடுதல் பணியின்போது தேனீக்கள் கொட்டி இறந்தது. அதைக் கையாண்ட வீரர்கள் பாலிதீன் விரிப்பால் மூடியும் காப்பாற்ற இயலவில்லை. சுமார் 200 இடங்களில் தேனீக்கள் கொட்டியிருந்தன. மறைவுக்குப் பிறகு அதற்குப் படைத் தலைவரின் பாராட்டுப் பதக்கம் அளிக்கப்பட்டது.

கோம்பைக்கும் இடம்: ரோலோ, பெல்ஜியன் மாலினாய்ஸ் என்ற வெளிநாட்டு இனம். உள்நாட்டு நாய்களுக்குத் தாமதமாகத்தான் வாய்ப்பு வந்தது. முதோல், பாண்டிகோனா இனங்களுடன் தேனி மாவட்டத்தின் கோம்பைக்கும் இப்பள்ளியில் பயிற்சி அளிக்கப்படுவதாக, 2025 அக்டோபரில் வானொலி உரையில் பிரதமர் மோடி குறிப்பிட்டார். அன்னியரைக் கண்டால் குரைத்து ஊரைக் கூட்டும் காவல் நாய் கோம்பை. வாயை மூடிக்கொண்டு உட்காரத்தான் அதற்கு இங்கே முதலில் கற்றுத்தர வேண்டியிருக்கிறது.